சுவரைத் தாண்டிப் போகும் கூட்ஸ் வண்டி: வாசகர் கேள்வி – பதில்

மாதிரி ரயில் பொழுதுபோக்கைப் பற்றி இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியிருந்ததால், இம்முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறோம். தனித்தனி வீடுகளில் மாதிரி ரயில் பாதை வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் சரக்குப் போக்குவரத்தை எப்படிப் பகிர்ந்து நடத்துகிறார்கள் என்பதே அந்தப் பொருள்.

கேள்வி: அமெரிக்காவில் வீட்டுக்குள் மாதிரி ரயில் அமைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சரக்கு அனுப்பிக்கொள்வதாகப் படித்தேன். ஒரு வீட்டுத் தண்டவாளம் அடுத்த வீட்டுக்குப் போவதில்லையே, இது எப்படிச் சாத்தியம்? (சேலம் வாசகர்)

பதில்: அங்கே முதலில் பயணம் செய்வது காகிதம். வேகன் பிறகுதான் வருகிறது. சில சமயம் வருவதே இல்லை.

உண்மையான ரயில்வேயில் ஒரு சரக்கு வேகன் நகர்கிறது என்றால் அதற்கென்று ஒரு வே பில், அதாவது சரக்குச் சீட்டு, இருக்கிறது என்று பொருள். அனுப்புபவர், பெறுபவர், சரக்கு, எடை, எந்தெந்த ரயில்வே கம்பெனிகளின் பாதை வழியாக எந்தச் சந்திப்பில் கைமாறிப் போக வேண்டும் என்ற வழித்தடம் ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். மாதிரி ரயில்காரர்கள் இந்த வழக்கத்தைச் சிறு அட்டைகளாகச் சுருக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை உண்டு. அந்த அட்டையில் ஒரு பை இருக்கும். அந்தப் பைக்குள் வே பில்லைச் செருகினால் வேகனுக்கு ஒரு போக்கிடம் கிடைத்துவிடுகிறது. 1961 டிசம்பரில் மாடல் ரெயில்ரோடர் இதழில் டக் ஸ்மித் விளக்கிய முறை இது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகியும் பெரும்பாலான வீடுகளில் இதன் ஏதோ ஒரு வடிவம்தான் நடைமுறையில் இருக்கிறது.

வீட்டுச் சுவரைத் தாண்டும் எண்ணத்தை அழுத்தமாக முன்வைத்தவர் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் வெர்ஜினியன் அண்டு ஒஹாயோ என்ற கற்பனை ரயில்வேயைத் தம் வீட்டின் நிலவறையில் உருவாக்கிய ஆலன் மெக்லெலண்ட். நிலவறைக்குள் தெரிவது ஒரு பெரிய ரயில்வேயின் சிறு துண்டு மட்டுமே என்றும், அங்கே வரும் ஒவ்வொரு வேகனும் எங்கிருந்தோ வந்து எங்கோ போகிறது என்றும் எண்ணி இயக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. அதற்கு ஏற்ப, பார்வையிலிருந்து மறைந்த ஒரு யார்டில், அதாவது வேகன்களை நிறுத்திவைக்கும் தடங்களின் தொகுப்பில், பாதை முடியும். அந்த யார்டு நாட்டின் மற்ற பகுதி முழுவதற்கும் பதிலாக நிற்கும். பின்னர் டோனி கோஸ்டரின் அலகேனி மிட்லண்ட், ஸ்டீவ் கிங்கின் வர்ஜீனியா மிட்லண்ட் ஆகிய இரு கற்பனை ரயில்வேக்களும் இதனுடன் சேர்ந்து, அப்பலேச்சியன் லைன்ஸ் என்ற ஒரே குழுமத்தின் அங்கங்களாகத் தங்களை அறிவித்துக்கொண்டன. மூன்றும் மூன்று வெவ்வேறு வீடுகளில் இருந்தவை. ஒன்றையொன்று தொடும் தண்டவாளம் ஓர் அங்குலம்கூடக் கிடையாது. ஆனாலும் ஒருவருடைய பெயர் பொறித்த வேகன் மற்றவருடைய பாதையில் ஓடும்போது, அது அங்கே வருவதற்கு நியாயமான காரணம் இருந்தது.

மறைவு யார்டு நாட்டின் மற்ற பகுதிக்குப் பதிலாக நிற்கிறது என்றேன். அந்த மற்ற பகுதியின் ஒரு மூலையை நிஜமாகவே இன்னொரு நண்பர் தம் வீட்டில் அமைத்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அங்கேதான் நீங்கள் கேட்ட பகிர்வு தொடங்குகிறது.

கேள்வி: நான் மாடி அறையின் ஒரு பக்கத்தில் எச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) 1950களின் கலிபோர்னியாவைச் சேர்ந்த பழத் தோட்ட ஊர் ஒன்றை அமைத்திருக்கிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பி அதே காலத்து மேற்கு வர்ஜீனிய நிலக்கரிக் கிளைப் பாதை ஒன்றை வைத்திருக்கிறான். நாங்கள் இருவரும் சரக்குப் பரிமாறிக்கொள்ள விரும்புகிறோம். வேகன்களைத் தபாலில் அனுப்பலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அனுப்ப வேண்டாம். சுங்கமும் கூரியர் செலவும் ஒருபுறம் இருக்க, எச்.ஓ. வேகனின் ஏணிப் படிகளும் பிரேக் குழாய்களும் அவ்வளவு தூரப் பயணத்தைத் தாங்குவது அரிது. உங்கள் இருவருக்கும் பொருத்தமானது காகிதப் பரிமாற்றம். வே பில் மட்டும் கடல் கடக்கட்டும்; வேகன் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் எந்தச் சரக்கு உண்மையில் போயிருக்கும் என்று பாருங்கள். தம்பியிடம் நிலக்கரி இருக்கிறது என்பதற்காக அதைக் கலிபோர்னியாவுக்கு வரவழைக்காதீர்கள். அந்த விலை மலிந்த சரக்குக்குக் கண்டத்தின் குறுக்கே கட்டணம் செலுத்தியிருக்கக் கூடியவர் எவரும் இல்லை. பழம் அப்படியன்று. கலிபோர்னியாவின் ஆரஞ்சும் திராட்சையும் கீழைக்கரை நகரங்களுக்குப் பனிக்கட்டி நிரப்பிய வேகன்களில் ஆயிரக்கணக்கில் போயின. சதர்ன் பசிபிக், யூனியன் பசிபிக் ஆகிய இரண்டும் சேர்ந்து 1906-இல் தொடங்கிய பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் என்ற கம்பெனியின் ஆரஞ்சு நிற வேகன்கள் இதற்கென்றே இருந்தன. உங்கள் ஊரின் பொதிக்கூடத்திலிருந்து ஒரு வேகன் ஆரஞ்சு, தம்பியின் மலையடிவார நகரத்திலுள்ள மொத்தப் பழ வியாபாரிக்கு வாரம் ஒன்று போகலாம். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் பழம் சாப்பிடவும் செய்தன. பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலை உங்களிடம் இருந்தால், மூடு வேகனில் டப்பாப் பழம் மாதத்துக்கு ஒன்றிரண்டு போகலாம். எதிர்த்திசையில் பென்சில்வேனியாவிலிருந்தோ ஒஹாயோவிலிருந்தோ இயந்திர பாகங்கள் அவ்வப்போது வரும். அவ்வளவுதான், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். மற்ற சரக்குகள் பெயர் மட்டும் உள்ள ஊர்களுக்கு உங்கள் மறைவு யார்டு வழியாகப் போய்க்கொண்டிருக்கட்டும். தம்பிக்குப் போகும் வேகன் அபூர்வமாக இருந்தால்தான் அதன் வருகையை இருவரும் கவனிப்பீர்கள்.

நடைமுறை இப்படி இருக்கலாம். உங்கள் அமர்வில், அதாவது வே பில்களும் கால அட்டவணையும் வைத்துக்கொண்டு முறையாக ரயில் ஓட்டும் அந்த மாலையில், பழ வேகன் ஏற்றப்பட்டு ஊரைவிட்டுப் புறப்பட்டு மறைவு யார்டைச் சேர்கிறது. அத்துடன் வே பில்லைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்புகிறீர்கள். அதில் வழித்தடம் எழுதப்பட்டிருக்க வேண்டும்: சதர்ன் பசிபிக் வழியே ஆக்டன் வரை, அங்கிருந்து யூனியன் பசிபிக்கில் கவுன்சில் பிளஃப்ஸ் வரை, பிறகு சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்னில் சிகாகோ வரை, அதற்குப் பின் தம்பியின் பாதையோடு இணையும் கீழைக் கம்பெனி. தம்பி அதே வகையைச் சேர்ந்த தன் சொந்த வேகன் ஒன்றை எடுத்து அந்த வே பில்லை அதன் அட்டையில் செருகி, தன் மறைவு யார்டில் அடுத்த வண்டியோடு கோக்கிறான். வேகன் எண் பொருந்தவில்லை என்று கவலைப்படத் தேவையில்லை. வேகனில் எழுதிய கம்பெனிக் குறியும் வேகன் வகையும் பொருந்தினால் போதும் என்று தொடக்கத்திலேயே இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். இருவரும் தலா இரண்டு பழ வேகன் வைத்திருந்தால் ஆண்டு முழுவதும் ஓட்டலாம்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. நீங்கள் ஞாயிறு ஓட்டி, அவன் அடுத்த வாரக் கடைசியில் ஓட்டினால் இடையில் ஒரு வாரம் கழிந்துவிடும். அந்தக் காலத்தில் கலிபோர்னியாவிலிருந்து கீழைக்கரைக்குப் பழ வேகன் போய்ச்சேர ஒரு வாரத்துக்கும் மேல் ஆனது. வழிநெடுகப் பனிக்கட்டி நிலையங்களில் நின்று நிரப்பிக்கொண்டும் போனது. ஆகவே உங்கள் இருவரின் கால இடைவெளி, நீங்கள் இருவருமே அமைக்காத அந்த மூன்று ரயில்வேக்களின் பயண நேரமாகத் தானே மாறிவிடுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும் என்று வற்புறுத்துபவர்கள் இந்த வசதியை இழக்கிறார்கள்.

கேள்வி: டொராண்டோவில் நாங்கள் நான்கு நண்பர்கள் வேகன்களைப் பெட்டியில் வைத்துக் காரில் எடுத்துச்சென்று பரிமாறிக்கொள்கிறோம். ஒரு நண்பரின் வேகன்கள் அவர் வீட்டில் ஒழுங்காக ஓடுகின்றன. என் பாதையில் மட்டும் தடம் புரள்கின்றன. என் பாதை சரியில்லை என்கிறார் அவர். (டொராண்டோ வாசகர்)

பதில்: இருவரும் சரியாக இருக்கலாம், அல்லது இருவருமே சற்றுப் பிசகியிருக்கலாம். தன் பாதையின் பிசகுக்கு ஏற்பத் தன் வேகன் பழகிவிடுவது உண்டு. அதனால் தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாக ஓர் அளவுகோல் வேண்டும்.

இந்தப் பிரச்சினை பழையது. வெவ்வேறு உற்பத்தியாளர்களின் சக்கரமும் தண்டவாளமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனதால்தான் 1935-இல் மில்வாக்கி நகரில் ஆர்வலர்கள் கூடி என்.எம்.ஆர்.ஏ. என்ற தேசிய மாதிரி ரயில் சங்கத்தை நிறுவினார்கள். அந்தச் சங்கம் வெளியிடும் சிறிய உலோக அளவுத் தகடு ஒன்றை நால்வருக்கும் பொதுவாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரு சக்கரங்களுக்கு இடையிலான தூரம், தண்டவாள அகலம், பாயிண்டின், அதாவது தடம் பிரியும் இடத்தின், இடைவெளிகள் ஆகிய அனைத்தையும் அதே தகட்டால் சோதிக்கலாம். தகடு சொல்வதை நால்வரும் ஏற்றுக்கொண்டால் வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது எடை. எச்.ஓ. வேகனுக்கு அச்சங்கம் பரிந்துரைப்பது 1 அவுன்சுடன் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சு. நாற்பது அடி மூடு வேகன் மாதிரியில் ஐந்தரை அங்குலம் வரும், ஆகவே அது சுமார் 105 கிராம் இருக்க வேண்டும். கடையில் வாங்கியபடியே ஓட்டப்படும் பல வேகன்கள் இதைவிட இலேசானவை. தனியாக ஓடும்போது தெரியாத இந்தக் குறை, இருபது வேகன் வண்டியின் நடுவில் வளைவில் இழுபடும்போது தெரியும்.

மூன்றாவது, வேகன்களை ஒன்றோடொன்று கோக்கும் கப்ளிங். நீங்கள் நால்வரும் கேடி வகைக் கப்ளிங்கையே பயன்படுத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் உயரத்தைச் சோதிக்கவும் தனிக் கருவி இருக்கிறது. கப்ளிங்கின் கீழே தொங்கும் வளைந்த கம்பி சற்றுத் தாழ்ந்திருந்தால் பாயிண்டின் நடுவில் இடித்து வேகனைத் தூக்கிவிடும். உங்கள் நண்பரின் பாதையில் பாயிண்டு குறைவாகவும் உங்கள் பாதையில் அதிகமாகவும் இருந்தால், நான் முதலில் பார்க்கும் இடம் இந்தக் கம்பிதான்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் புரள்கிறது என்றால் வளைவைப் பாருங்கள். வளைவின் ஆரம் வேகன் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 18 அங்குல வளைவில் நாற்பது அடி வேகன் கவலையின்றிப் போகும். எண்பத்தொன்பது அடி வேகன் மாதிரியில் 12 அங்குலத்துக்கு மேல் வருவதால் அதற்கு அந்த வளைவு உதவாது. அத்தகைய நீண்ட வேகன்களை உங்கள் ஊருக்கு அனுப்பும் வே பில்லே எழுதப்படக் கூடாது. உண்மையான ரயில்வேக்களும் சில கிளைப் பாதைகளில் குறிப்பிட்ட வேகன்களை அனுமதிக்காமல் அறிவிப்பு வெளியிட்டன.

பழுதான வேகனை என்ன செய்வது என்பதையும் முன்னதாகவே பேசிவிடுங்கள். அமெரிக்க ரயில்வேக்களின் பரிமாற்ற விதிகளின்படி, பயன்பாட்டில் தேய்ந்த பாகத்தின் செலவு வேகனின் சொந்தக்காரருக்கு. முறைகேடாகக் கையாண்டதால் நேர்ந்த சேதம் கையாண்ட ரயில்வேக்கு. அதையே நீங்கள் நால்வரும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். யாருடைய வேகன் எது என்ற குழப்பம் வராமலிருக்க, அடிப்பகுதியில் ஆளுக்கொரு நிறத்தில் சிறு பொட்டு வைத்துக்கொள்வது பல குழுக்களில் உள்ள வழக்கம்.

கேள்வி: நம் நாட்டில் எந்த வேகனும் எங்கும் போய் எதையும் ஏற்றுகிறது. அமெரிக்க மாதிரி ரயில்காரர்கள் மட்டும் காலி வேகனைச் சொந்த ரயில்வேக்குத் திருப்பி அனுப்ப இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? வெறும் சம்பிரதாயமா? (மதுரை வாசகர்)

பதில்: சம்பிரதாயம் அன்று, சொத்துரிமை. நம் சரக்கு வேகனின் பதினொரு இலக்க எண்ணில் மூன்றாவது, நான்காவது இலக்கங்கள் எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பதைக் குறிக்கின்றன. ஆனாலும் மண்டலங்கள் அனைத்தும் இந்திய ரயில்வே என்ற ஒரே முதலாளியின் பிரிவுகள் என்பதால் வேகன்கள் பெரும்பாலும் பொதுத் தொகுப்பாகவே இயங்குகின்றன. அமெரிக்காவில் 1950களில் நூற்றுக்கும் மேற்பட்ட முதல் வகுப்பு (அதாவது வருவாயில் பெரிய) ரயில்வேக் கம்பெனிகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் பணத்தில் வேகன் வாங்கி, அவற்றைப் போட்டியாளரின் பாதையிலும் விட வேண்டிய கட்டாயத்தில் இருந்தது. தெற்கு மாநிலங்களின் அகலப் பாதைகள் 1886-இல் மற்ற பகுதிகளின் அளவுக்கு மாற்றப்பட்ட பிறகு, சரக்கை இறக்கி ஏற்றாமலேயே வேகன் நாடு முழுவதும் போக முடிந்தது. அதே வசதிதான் வேகன் திரும்பி வராமல் போகும் அபாயத்தையும் பெருக்கியது.

அதற்காகவே இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. ஒன்று, அடுத்தவர் வேகனை வைத்திருக்கும் ரயில்வே அதன் சொந்தக்காரருக்கு நாள் வாடகை தர வேண்டும். நள்ளிரவில் வேகன் யார் வசம் இருக்கிறதோ அவர் கணக்கில் அந்த நாள் ஏறும். அதனால் இரண்டு ரயில்வேக்கள் வேகனைக் கைமாற்றும் பரிமாற்றத் தடத்தில் நள்ளிரவுக்கு முன் வேகன்களைத் தள்ளிவிடும் அவசரம் யார்டுகளில் இருந்தது. மற்றொன்று, வேகன் சேவை விதிகள். வெளிக் கம்பெனியின் வேகன் காலியாகக் கிடைத்தால், அதன் சொந்த ரயில்வேக்குப் போகும் சரக்கையோ அந்தத் திசையில் போகும் சரக்கையோ அதில் ஏற்ற வேண்டும். பொருத்தமான வெளி வேகன் கையில் இருக்கும்போது சொந்த வேகனைத் தன் எல்லைக்கு அப்பால் அனுப்பக் கூடாது. கம்பெனிக் குறியின் கடைசி எழுத்து எக்ஸ் என்றிருந்தால் அது ரயில்வே அல்லாத தனியாரின் வேகன். டேங்க் வேகன்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை, அவை இறக்கிய உடனே காலியாகத் திரும்பும். சில வேகன்களின் பக்கத்திலேயே ‘காலியானதும் இன்ன ஊருக்குத் திருப்புக’ என்று எழுதியிருக்கும்.

மாதிரி ரயில்காரருக்கு இதனால் கிடைக்கும் லாபம் என்னவென்றால், கையில் காலி வேகன் ஒன்று இருக்கும்போதெல்லாம் அவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. பின்திரையில் மலை வரைவதைவிட இந்த யோசனைதான் ஒரு பாதைக்கு உயிர் தருகிறது என்பது என் கருத்து. மலை வரைபவர்கள் மன்னிக்க வேண்டும். இரண்டு வீடுகளுக்கு இடையே பகிர்வு நடக்கும்போது இது இன்னும் கூர்மையாகிறது. உங்கள் வேகன் நண்பரின் யார்டில் நிற்கிறது, அதை அவர் ஏற்றித் திருப்பி அனுப்புகிறாரா, காலியாக அனுப்புகிறாரா, மறந்துவிட்டாரா என்பது நிஜக் கேள்வியாகிவிடுகிறது. நாள் வாடகையைப் பணமாக அன்றி வெறும் எண்ணாக ஒரு நோட்டில் எழுதி வைக்கும் நண்பர் குழுக்கள் நல்ல காரியம் செய்கின்றன. ஆண்டு முடிவில் யாருடைய வேகன் எங்கே அதிக நாள் கிடந்தது என்று பார்க்கும்போது எங்கே நெரிசல் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: என்ஜின்களையும் பரிமாறிக்கொள்ளலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: வேண்டாம். டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு முகவரி எண் உண்டு; புதிதாக வரும் என்ஜின்கள் பெரும்பாலும் எண் 3 உடன்தான் வருகின்றன. இரண்டு வீடுகளின் எண்கள் மோதினால் ஒரே கைப்பிடிக்கு இரண்டு என்ஜின்கள் கிளம்பும். அந்தக் காலத்தில் என்ஜின்கள் பொதுவாகத் தங்கள் கம்பெனியின் எல்லையிலேயே கழற்றப்பட்டு, அடுத்த கம்பெனியின் என்ஜின் வந்து கோத்துக்கொண்டது என்பதால், இந்த மறுப்பு வரலாற்றுக்கும் பொருந்துகிறது.

கேள்வி: சூரிக்கில் என் மகன் பள்ளி நண்பனுடன் ஒரு விளையாட்டு அரங்குக்குப் போய், பலர் கொண்டுவந்த துண்டுகளைச் சேர்த்து அரங்கு முழுவதும் ஓடும் மாதிரி ரயிலைப் பார்த்துவிட்டு வந்தான். அங்கும் சரக்கு அட்டைகள் இருந்தனவாம். எங்கள் அடுக்குமாடி வீட்டில் இடமில்லை. அவனும் சேர முடியுமா? (சூரிக் வாசகி)

பதில்: முடியும், அவனுக்கு அதுவே சிறந்த வழி. அவன் பார்த்தது ஃப்ரேமோ என்ற ஐரோப்பிய ஆர்வலர் அமைப்பின் முறையைச் சேர்ந்த கூடுகையாக இருக்க வேண்டும். 1981-இல் தொடங்கிய அந்த அமைப்பில் யாரும் முழுப் பாதையை வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நிலையமோ, ஒரு வளைவோ, வெறும் வயல்வெளி ஒரு மீட்டரோ இருந்தால் போதும். துண்டின் இரு முனைகளும் வரையறுத்த வடிவில் இருக்க வேண்டும், தண்டவாளத்தின் மேற்பரப்பு தரையிலிருந்து 1300 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பன போன்ற சில விதிகளை மதித்தால், முன்பின் பார்த்திராத ஒருவரின் துண்டோடு உங்கள் துண்டு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் இதைப் போன்ற ஃப்ரீ-மோ முறையில் குறைந்தபட்ச உயரம் 50 அங்குலம், அதாவது 1270 மில்லிமீட்டர். ஆகவே அட்லாண்டிக்கின் இரு கரைத் துண்டுகளும் கால்களைச் சரிசெய்யாமல் சேரா.

அந்தக் கூடுகையின் அழகு தண்டவாளம் சேர்வதோடு நிற்பதில்லை. நிலையத் துண்டு கொண்டுவருபவர் தம் ஊரில் என்னென்ன தொழிற்கூடங்கள் உள்ளன, அவை எதை அனுப்பும், எதைப் பெறும், எந்த வகை வேகன் வேண்டும் என்ற பட்டியலை முன்கூட்டியே தந்துவிடுவார். ஒரு மரம் அறுக்கும் ஆலை பலகை அனுப்புகிறது, இன்னொரு நிலையத்தில் மரச்சாமான் தொழிற்சாலை பலகை பெறுகிறது என்றால், ஏற்பாட்டாளர் அவை இரண்டையும் பொருத்திச் சரக்கு அட்டை எழுதுவார். பிறகு வாரக் கடைசி முழுவதும் வேகக் கடிகாரத்தின்படி, அதாவது நிஜ நேரத்தைவிட நான்கைந்து மடங்கு விரைவாக ஓடும் கடிகாரத்தின்படி, வண்டிகள் ஓடும். நிலைய அதிபர்கள் அடுத்த நிலையத்துக்குத் தொலைபேசியில் வண்டி அனுமதி கேட்பார்கள். கூடுகை முடிந்ததும் ஊர்கள் எல்லாம் பிரிந்து வண்டிகளில் ஏறி வீட்டுக்குப் போகும். அடுத்த முறை வேறு வரிசையில் சேரும். அதனால் ஒரே சரக்கு ஓட்டம் இரண்டு முறை நடப்பதில்லை.

உங்கள் மகன் முதலில் துண்டு எதுவும் செய்ய வேண்டாம். சரியான எடையும் சக்கரமும் உள்ள சில வேகன்களையும் அவற்றுக்கான அட்டைகளையும் தயாரித்துக்கொண்டு ஒரு கூடுகைக்குப் போய், ஏதாவது ஒரு நிலையத்தில் ஷண்டிங், அதாவது வேகன்களைப் பிரித்துக் கோக்கும் வேலை, செய்யக் கேட்கட்டும். அங்கே ஆள் எப்போதும் தேவைப்படும். பிறகு கட்டிலுக்கு அடியில் வைக்கக்கூடிய ஒரு சிறு நிலையம் செய்யலாம்.

கேள்வி: அட்டை சிறந்ததா, கணினி சிறந்ததா? (சென்னை வாசகர்)

பதில்: ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருளில் சரக்கு இயக்கத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வேகன்கள், தொழிற்கூடங்கள், தடங்களின் நீளம் ஆகியவற்றைக் கொடுத்தால், வண்டியை அதுவே அமைத்து, எந்த ஊரில் எதை விட வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்ற பட்டியலை அச்சிட்டுத் தரும். ஒரே வீட்டுக்கு இது மிக வசதியானது. இரண்டு வீடுகளுக்கு என்றால், கணக்குக் கோப்பு யார் கணினியில் இருக்கிறது என்ற சிக்கல் எழும். அவரவர் தனிக் கோப்பு வைத்துக்கொண்டு, எல்லையைக் கடக்கும் வேகன்களை மட்டும் ஒரு விரிதாளில் எழுதிப் பகிர்வது நல்லது.

அட்டை வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கடைகளில் கிடைக்கும் வே பில்களில் நான்கு பக்கங்கள் இருக்கும். ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் அட்டையைத் திருப்பினால் அடுத்த போக்கிடம் வரும், நான்கு முடிந்தால் மீண்டும் ஒன்று. தனி வீட்டில் நன்றாக உழைக்கும் இந்த முறை பகிர்வில் குலைந்துவிடுகிறது. மூன்றாவது பக்கம் நண்பரின் வீட்டைக் குறித்தால், அங்கே அவர் என்ன ஏற்றுவார் என்பதை நான்காவது பக்கத்தில் நீங்களே முடிவுசெய்துவிடுகிறீர்கள். எல்லையைக் கடக்கும் வேகனுக்கு ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லும் ஒற்றை வே பில் எழுதுங்கள். பின்புறத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் தேதி முத்திரை குத்துங்கள், உண்மையான வே பில்களிலும் அதற்கு இடம் விட்டிருப்பார்கள். முத்திரை நிறைந்த பழைய வே பில்களைச் சேர்த்து வைப்பவர்கள் பலர். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

கேள்வி: எங்கள் மூவர் குழுவில் ஒருவர் அமர்வு நடத்துவதே அபூர்வம். அவருக்கு அனுப்பிய வேகன்கள் அங்கேயே கிடக்கின்றன. எங்கள் யார்டுகளோ அவருக்குப் போக வேண்டிய வேகன்களால் அடைந்துவிட்டன. அவர் மனம் நோகாமல் என்ன செய்வது? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: மனம் நோகாமல் செய்ய வரலாற்றிலேயே ஒரு வழி இருக்கிறது. முதல் உலகப் போரின்போது அமெரிக்காவின் கீழைக்கரைத் துறைமுகங்களை நோக்கி, இறக்க இடமும் ஏற்றக் கப்பலும் இருக்கின்றனவா என்று பாராமல் வேகன்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இறங்காத வேகன்கள் யார்டுகளை நிரப்பி, பிறகு வழித்தடங்களையும் நிரப்பின. நிலைமை கைமீறியதில் 1917 டிசம்பர் இறுதியில் அரசே ரயில்வேக்களின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1920 மார்ச்சில்தான் திருப்பித் தந்தது. அந்த நெரிசலுக்கு இரண்டு மருந்துகள் பயன்பட்டன. ஒன்று எம்பார்கோ, அதாவது ‘இந்த ஊருக்குச் சரக்கு ஏற்காதே’ என்ற அறிவிப்பு. இன்னொன்று பர்மிட், பெறுபவரிடம் இறக்க இடமிருக்கிறது என்று உறுதியான பிறகே அனுப்புபவர் வேகனை ஏற்ற அனுமதி.

உங்கள் நண்பர் பெயரில் எம்பார்கோ அறிவிப்பு ஒன்றை அச்சிட்டுக் கொடுங்கள். ‘மலைச்சரிவில் மண் சரிந்ததால்’ என்று காரணம் போட்டுக்கொள்ளலாம். அவருடைய ஊருக்கான வேகன்கள் அதுவரை உங்கள் மறைவு யார்டுகளுக்குத் திருப்பி விடப்படும், யாருக்கும் குற்ற உணர்வு வேண்டாம். அவர் மீண்டும் ஓட்டத் தயாரானதும் எம்பார்கோவை நீக்கி, அதன்பின் நிரந்தரமாகப் பர்மிட் முறைக்கு மாறுங்கள். அவருடைய பரிமாற்றத் தடத்தில் ஆறு வேகன் நிற்குமென்றால், அவர் ஆறு பர்மிட் சீட்டுகள் வைத்திருப்பார். ஒரு வேகனை இறக்கித் திருப்பி அனுப்பும்போதுதான் ஒரு சீட்டு உங்களுக்கு வரும். சீட்டு இல்லாமல் வேகன் போகாது. யார்டு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிறைந்தால் ஷண்டிங் செய்ய இடமிராது என்பதால், ஆறு நிற்கும் தடத்துக்கு நான்கு சீட்டோடு தொடங்குவது இன்னும் நல்லது.

அவர் ஆறு மாதம் ஓட்டாவிட்டாலும் இனி உங்கள் பாதையில் குறைவது நான்கு வேகன்கள் மட்டுமே. அவர் வசமுள்ள உங்கள் வேகன்களைப் பொறுத்தவரை, அடுத்த முறை சாப்பாட்டுக்கு அழைக்கும்போது பெட்டியோடு வரச் சொல்லுங்கள்.